பங்கிடத் தகுந்த பேரெண்

ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு

நூறு பைசா கொண்ட இன்றைய ரூபாயை மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்க முயன்றால், ஆளுக்கு முப்பத்து மூன்று பைசா போனபின் ஒரு பைசா எஞ்சி நிற்கிறது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்கு முன் வழங்கிய பழைய ரூபாயிலோ இத்தொல்லை கிடையாது. அந்த ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை, ஆக மொத்தம் 192 பை என்பதால், மூவருக்கும் ஆளுக்கு ஐந்து அணா நான்கு பை என்று மிச்சமின்றிப் பங்கு தீர்ந்துவிடும். புதிய நாணயம் கணக்கெழுதுவோருக்கு அளித்த சௌகரியம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பங்கிடுவோர் கையிலிருந்து அது ஒன்றைப் பறித்துக்கொண்டது என்பதும் உண்மை.

இதே விஷயம் வேறோர் உருவில் நம் எல்லோருடைய மனத்திலும் என்றேனும் ஒருநாள் தோன்றியிருக்கும். பத்து விரல்களைக் கொண்டு எண்ணப் பழகி, பத்து, நூறு, ஆயிரம் என்றே எண்களுக்குப் பெயரிட்டு வந்த மனித இனம், காலத்தை அளக்கும்போது மட்டும் மணிக்கு அறுபது நிமிஷமென்றும், நாளுக்கு அறுபது நாழிகையென்றும், நாழிகைக்கு அறுபது விநாழிகையென்றும், வட்டத்தை அளக்கும்போது 360 பாகையென்றும் ஏன் வகுத்துக்கொண்டது? பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் நாளைப் பத்து மணியாகவும் மணியை நூறு நிமிஷமாகவும் மாற்றிச் சட்டமே இயற்றினார்கள். ஆனால் 1795லேயே அந்தச் சட்டத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. நூறு ஒழுங்கான எண்ணாகத் தோன்றினாலும், அதை மிச்சமின்றி வகுக்கக்கூடியவை 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100 என்னும் ஒன்பதே. அதைவிடச் சிறியதான அறுபதையோ 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்னும் பன்னிரண்டு எண்கள் வகுக்கின்றன. ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்ணை இந்த அத்தியாயத்தில் அதன் வகு எண் என்று அழைப்போம்.

பங்கிடத் தகுந்த எண்ணைத் தேடும் ஆசை மிகப் பழையது. பிளேட்டோ தம்முடைய ‘சட்டங்கள்’ என்னும் நூலில், லட்சிய நகரம் ஒன்றில் 5040 குடும்பத் தலைவர்கள் இருக்கவேண்டுமென்று விதித்தபோது, ஒன்று முதல் பத்து வரையுள்ள எல்லா எண்களாலும் அது வகுபடும் என்பதையே காரணமாகக் காட்டினார். நிலத்தைப் பிரிப்பதற்கும், வரி விதிப்பதற்கும், சேனையை அணி வகுப்பதற்கும் அத்தகைய எண் உதவும் என்பது அவருடைய கருத்து. அந்த 5040ஐ நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

எண்ணிப் பார்க்காமலே எண்ணும் வழி

அறுபதின் வகு எண்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்ப்பது எளிது. பதின்மூன்று இலக்கமுள்ள ஓர் எண்ணுக்கு அவ்வாறு செய்ய ஒருவருடைய ஆயுள் போதாது. ஆனால் ஓர் எண்ணின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டவனுக்கு அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் வகுபடாத 2, 3, 5, 7, 11 போன்றவற்றைப் பகா எண்கள் என்கிறோம். ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணும் பகா எண்களின் பெருக்கத்தால் ஆனது, அதுவும் ஒரே விதமாகத்தான் ஆனது என்பது கணித சாஸ்திரத்தின் அஸ்திவாரமான உண்மைகளுள் ஒன்று. அறுபது என்பது இரண்டு 2களும், ஒரு 3உம், ஒரு 5உம் பெருகிய எண்.

அறுபதின் வகு எண் எதுவாயினும் அது இந்தச் சரக்கிலிருந்தே உருவாக வேண்டும். அதற்கு 2ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம், 3ஐ விடலாம், எடுக்கலாம், 5ஐயும் அவ்வாறே. ஒருவனிடம் மூன்று வேஷ்டிகளும், இரண்டு சட்டைகளும், இரண்டு அங்கவஸ்திரங்களும் இருந்தால் அவன் எத்தனை விதமாக உடுத்திக்கொள்ளலாமோ, அத்தனை வகு எண்கள் அறுபதுக்கு உண்டு: மூன்றை இரண்டால் பெருக்கி, மீண்டும் இரண்டால் பெருக்கினால் பன்னிரண்டு. ஒரு பகா எண் எத்தனை முறை வருகிறதோ அதை அதன் அடுக்கு என்று சொல்வோமானால், ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி எல்லாவற்றையும் பெருக்குவதே விதி. பிளேட்டோவின் 5040இல் 2 நான்கு முறையும், 3 இரண்டு முறையும், 5உம் 7உம் ஒவ்வொரு முறையும் வருவதால், ஐந்து, மூன்று, இரண்டு, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கி அதற்கு அறுபது வகு எண்கள் என்று உடனே சொல்லிவிடலாம்.

கேம்பிரிட்ஜில் எழுதிய கட்டுரை

கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்து, 1914ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கப்பலேறி இங்கிலாந்து சென்ற சீனிவாச இராமானுஜன், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்துகொண்டு 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைகளில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, இந்த வகு எண்களைப் பற்றியதே. அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தக் கட்டுரையையே முக்கிய ஆதாரமாகக் கொண்டு, 1916இல் அவருக்குக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பட்டம் அளித்தது. அவருடைய நண்பரும் வழிகாட்டியுமான ஹார்டி, கணித ஆராய்ச்சியின் முக்கியமான போக்குகளிலிருந்து இது சற்று ஒதுங்கி நிற்பதாகக் கூறியபோதிலும், பல ஆண்டுகளில் இங்கிலாந்தில் வெளிவந்த ஆராய்ச்சிகளுள் மிகவும் குறிப்பிடத்தக்கது என்று இதைப் போற்றினார்.

இராமானுஜனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் யாரும் 1729 என்னும் வாடகைக் கார் எண்ணைச் சொல்லாமல் விடுவதில்லை. அந்தச் சம்பவம் ரசமானதுதான்; ஆனால் அவருடைய உழைப்பின் தன்மையை அறிய விரும்பும் சாதாரண வாசகனுக்கு 1915ஆம் ஆண்டின் இந்தக் கட்டுரையே உகந்த வாசல் என்பது என் அபிப்பிராயம். அதில் கேட்கப்படும் கேள்வி பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதைவிடச் சிறிய எல்லா எண்களையும் பரிசோதித்துப் பார்த்தால், அவற்றுள் ஒன்றுக்குக்கூட அவ்வளவு வகு எண்கள் இல்லையென்றால், அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டல்லவா? அத்தகையதைப் பெரும்பகு எண் என்று சொல்வோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்த வரிசை செல்கிறது. 72க்கும் பன்னிரண்டு வகு எண்கள் உண்டு. ஆனால் 60 அதை முந்திக்கொண்டுவிட்டதால் 72க்கு இந்த வரிசையில் இடமில்லை. பழைய ரூபாயின் 192க்குப் பதினான்கு வகு எண்கள். அதைவிடச் சிறிய 180க்குப் பதினெட்டு இருப்பதால் அதற்கும் இடமில்லை. பிளேட்டோவின் 5040 மட்டும் கம்பீரமாக இந்த வரிசையில் அமர்ந்திருக்கிறது.

பெரும்பகு எண்ணின் அங்க அமைப்பு

இத்தகைய எண்களுக்கு ஓர் உருவ ஒழுங்கு இருந்தே தீரவேண்டும் என்பதைச் சிறிது யோசித்தால் நாமே கண்டுகொள்ளலாம். ஓர் எண்ணில் 23 ஒரு காரணியாக இருந்து 19 இல்லாமற்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். 23ஐ எடுத்துவிட்டு அதனிடத்தில் 19ஐ வைத்தால் அடுக்குகள் மாறாமையால் வகு எண்களின் தொகை மாறாது. எண் மட்டும் சிறுத்துவிடும். ஆகவே முதல் எண் பெரும்பகு எண்ணாக இருக்கமுடியாது. பகா எண்கள் 2 முதல் ஆரம்பித்து இடையில் ஒன்றும் விடுபடாமல் வரிசையாக வரவேண்டும். அதே நியாயத்தைக் கொண்டு, 3இன் அடுக்கு 2இன் அடுக்கைவிட அதிகமாக இருக்கலாகாது, 5இன் அடுக்கு 3இனுடையதைவிட அதிகமாக இருக்கலாகாது என்பதும் விளங்கும். அதிகமாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றி எண்ணைச் சிறிதாக்கிவிடலாம் அன்றோ? அடுக்குகள் கோபுரத்தின் நிலைகளைப்போல மேலே செல்லச் செல்லக் குறைந்துகொண்டோ சமமாகவோ போகின்றன.

இந்த அளவு யாருக்கும் எட்டக்கூடியதே. இதற்குமேல் இராமானுஜன் நிரூபித்தவை மிகவும் சூக்ஷ்மமானவை: கடைசியாக வரும் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 என்னும் இரண்டு எண்களில் தவிர, எப்போதும் ஒன்றே, 2, 3 முதலியவற்றின் அடுக்குகள் அந்தக் கடைசிப் பகா எண்ணின் அளவைப் பொறுத்து மிக நெருக்கமான எல்லைகளுக்குள் கட்டுப்பட்டிருக்கின்றன, அடுத்தடுத்த இரண்டு பெரும்பகு எண்களின் விகிதம் போகப் போக ஒன்றை நெருங்குகிறது. இவற்றுக்கெல்லாம் அவர் கையாண்ட முக்கியக் கருவி, ஒன்று மற்றொன்றைவிடப் பெரியதா சிறியதா என்று ஒப்பிட்டுக்கொண்டே போகும் சமனின்மை முறை.

67,46,32,83,88,800

ஒழுங்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒரு பெரும்பகு எண்ணிலிருந்து அடுத்ததற்கு நேரே இட்டுச்செல்லும் வழி தமக்குத் தெரியவில்லை என்றும், முயன்று பார்ப்பதே கதி என்றும் இராமானுஜன் அக்கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். அவ்வாறு கையாலேயே முயன்று முயன்று அவர் தயாரித்த நூற்றுக்கும் மேற்பட்ட எண்களின் அட்டவணை முடிவடையும் இடம்தான் இத்தலைப்பிலுள்ள எண்: ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

இதைப் பிரித்துப் பார்த்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகிய ஐந்தும் ஒவ்வொரு முறையும் வருகின்றன. விதிப்படி 7, 5, 3, 3 ஆகியவற்றைப் பெருக்கினால் 315. மீதமுள்ள ஐந்து பகா எண்களுக்காக ஐந்து முறை இரட்டித்தால் 10,080. இத்தனை வகு எண்கள் இந்த ஓர் எண்ணுக்கு! வாரம் ஒன்றிலுள்ள நிமிஷங்களின் தொகையும் 10,080தான் என்பது தற்செயலான பொருத்தமேயானாலும், நிமிஷத்துக்கு ஒன்றாக இவ்வெண்ணின் வகு எண்களை ஒருவர் ஊணுறக்கமின்றி வாசித்துக்கொண்டே போனால் சரியாக ஒரு வாரம் ஆகும் என்று எண்ணிப் பார்க்க அது உதவுகிறது. ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எல்லா எண்களாலும் இது வகுபடும். முதன்முதலாக வகுக்கத் தவறுவது 29. இதனோடு ஒன்றைக் கூட்டிவிட்டாலோ, இரண்டு முதல் இருபத்தெட்டு வரை எதனால் வகுத்தாலும் ஒன்று மிச்சம் நிற்கும் எண் கிடைக்கிறது. ஒன்றே ஒன்றால் குணம் இவ்வளவு மாறுகிறது. இந்த அளவுள்ள எண்களுக்குச் சராசரியாகச் சுமார் முப்பது வகு எண்களே இருக்கும்.

வகு எண்கள் மிகவேண்டுமானால் ஒன்று முதல் பல எண்களை வரிசையாகப் பெருக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஒன்று முதல் பதினாறு வரை பெருக்கினால் 2,09,22,78,98,88,000 வருகிறது. அது நம் எண்ணைப்போல மும்மடங்குக்கும் மேற்பட்டது; ஆனால் அதன் வகு எண்கள் 5376தான். 2 மட்டும் அதில் பதினைந்து முறை வருவதால் பெருக்கம் வீணாகிவிட்டது. அதே 5376 வகு எண்களை இராமானுஜனின் அட்டவணையிலுள்ள 3,21,25,37,32,800 என்னும் எண், அறுபத்தைந்தில் ஒரு பங்கு அளவிலேயே பெற்றுவிடுகிறது.

சரி, 10,080 வகு எண்களோ அதற்கு மேலோ கொண்ட சிறிய எண் வேறொன்றும் இல்லையென்று எவ்வாறு உறுதி பெறுவது? அடுக்குகளில் பண்டமாற்றுச் செய்து பார்க்கவேண்டும். ஒரு 7ஐ விலக்கி அதற்குப் பதிலாக ஒரு 5ஐச் சேர்த்தால் எண் ஏழில் ஐந்து பங்காகச் சிறுக்கிறது, 7க்குரிய மூன்று இரண்டாகவும், 5க்குரிய மூன்று நான்காகவும் மாறி, வகு எண்கள் 8960 ஆகின்றன, போதவில்லை. 23ஐ முழுவதும் விலக்கிவிட்டு, அதைவிடச் சிறிய இருபதால் பெருக்கிப் பார்ப்போம். அதாவது இரண்டு 2களையும் ஒரு 5ஐயும் சேர்ப்போம். எண் 58,66,37,25,12,000 ஆகிறது; வகு எண்கள் ஒன்பது, ஐந்து, நான்கு, மூன்று ஆகியவற்றின் பெருக்கத்தை நான்கு முறை இரட்டித்ததாகி, 8640இல் நின்றுவிடுகின்றன. ஒரு 3ஐ எடுத்து ஒரு 2ஐ வைத்தால் எண் மூன்றில் இரண்டு பங்காகி 44,97,55,22,59,200 வருகிறது; வகு எண்கள் 9216. இதுவும் போதவில்லை, ஆனாலும் இதுவே ஒரு பெரும்பகு எண், அட்டவணையில் நம் எண்ணுக்கு முன்வரிசையில் நிற்பது. இப்படியே, விதிகளுக்கு உட்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும் ஒன்றுவிடாமல் ஆராய்ந்து தள்ளியபிறகே ஓர் எண் அட்டவணையில் ஏறுகிறது. கணக்கிடும் யந்திரங்களின் துணையில்லாத அந்த யுத்த காலத்தில், அந்நிய நாட்டின் குளிரில், இந்த வேலையை ஒரு மனிதர் நூறு முறைக்கு மேல் செய்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு உண்டாகும் மதிப்பு, எந்த அற்புதக் கதையாலும் உண்டாவதில்லை.

விடுபட்ட ஒன்று

அந்த அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அதை வாசகர் தாமே கண்டுகொள்ளும் வழியும் இருக்கிறது. நம் பேரெண்ணிலிருந்து 23ஐ விலக்கிவிட்டு வேறெதையும் சேர்க்காமல் விட்டால் 2,93,31,86,25,600 கிடைக்கிறது. ஓர் இரட்டிப்புக் குறைவதால் அதன் வகு எண்கள் 10,080இல் பாதி, அதாவது 5040. பிளேட்டோவின் எண்ணே இங்கே வகு எண்களின் தொகையாக வந்து நிற்கிறது. அட்டவணையில் 1,95,54,57,50,400 என்னும் எண்ணுக்கு நேரே 4608 வகு எண்கள் என்றிருக்கின்றன. அதற்கு அடுத்தபடியாக நாம் முன்பு கண்ட 3,21,25,37,32,800க்கு 5376 என்றிருக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே, 4608ஐவிட அதிகமான வகு எண்களுடன் ஓர் எண் நம் கையில் இருக்கும்போது, அங்கே ஒரு பெரும்பகு எண் இருந்தே ஆகவேண்டும். அது இதுதான்.

3,21,25,37,32,800 என்பதும் நம் பேரெண்ணை 21ஆல் வகுத்தால் வருவதே என்பதைக் கவனிக்கும்போது ஆச்சரியம் மிகுகிறது. விடுபட்டது 23ஆல் வகுத்தது. விடுபடாதது 21ஆல் வகுத்தது. முன்னதில் பகா எண்கள் 19உடன் நின்றுவிடுகின்றன, பின்னதில் 23 வரை செல்கின்றன. கடைசிப் பகா எண் 19லிருந்து 23க்குத் தாவும் எல்லையில், இரண்டு வேறுபட்ட அமைப்புகள் போட்டியிடும் இடத்தில், பழைய அமைப்பைச் சேர்ந்த கடைசிச் சிறந்த எண் பார்வைக்குத் தப்பியிருக்கிறது. பெரும்பகு எண்கள் எங்கே நெருங்கி நிற்கின்றன, தேடுவது எங்கே கடினமாகிறது என்பதை இந்த இடைவெளி காட்டித் தருகிறது. பிழையைத் திருத்திக்கொண்டு போய்விடுவதைவிட அதை ஆழ்ந்து பார்ப்பது லாபகரமானது.

அச்சேறாத பக்கங்கள்

அக்கட்டுரை முழுவதுமாக அச்சாகவில்லை. லண்டன் கணிதக் கழகம் அப்போது பொருள் நெருக்கடியில் இருந்தமையால், இராமானுஜன் அதன் பிற்பகுதியை நீக்கிவிட நேர்ந்தது. அவர் 1920இல் சென்னையில் காலமான பிறகும் அந்தப் பக்கங்கள் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1988இல் நகல் உருவிலும், 1997இல் ஷான் லூயி நிக்கொலா, கீ ரோபேன் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் விளக்கக் குறிப்புகளுடனும் வெளிவந்தன.

இதற்கிடையில் வேறொன்று நடந்திருந்தது. பகா எண்கள் எவ்வளவு ஒழுங்காகப் பரவியிருக்கின்றன என்பதைப் பற்றி ரீமன் 1859இல் ஓர் ஊகத்தை வெளியிட்டார். அது மெய்யா பொய்யா என்பது இன்றுவரை தீரவில்லை. ரோபேன் 1984இல் அந்த ஊகத்தை வகு எண்களின் பாஷையில் பெயர்த்துவிட்டார். ஓர் எண்ணின் வகு எண்களை எண்ணாமல், அவற்றைக் கூட்டிப் பார்த்தால் வரும் தொகை, அந்த எண்ணின் அளவைப் பொறுத்த ஒரு வரம்பைத் தாண்டுகிறதா என்று கேட்க வேண்டும். சிறிய எண்கள் சில தாண்டுகின்றன. நமக்குத் தெரிந்தவற்றுள் தாண்டும் கடைசி எண் 5040. அதற்கு மேற்பட்ட எந்த எண்ணும் வரம்பைத் தாண்டாதென்றால் ரீமனின் ஊகம் மெய். ஒரே ஓர் எண் தாண்டினாலும் அது பொய்.

ரீமனின் ஊகம் மெய்யென்று வைத்துக்கொண்டால், போதிய அளவு பெரிய எண்களெல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கும் என்பதற்கான ஆராய்ச்சி, இராமானுஜனின் அச்சேறாத பக்கங்களில் ஏற்கனவே இருந்தது. ரோபேன் தாமே அந்தக் கைப்பிரதிக்குக் குறிப்பெழுத அமர்ந்தது அதனால்தான் பொருத்தமாயிற்று. வரம்பைத் தாண்டும் எண்கள் எங்கேனும் இருக்குமானால், அவற்றுள் மிகச் சிறியது சாதாரண எண்களிடையே இராது; வகு எண்கள் செறிந்த இந்தக் குலத்திலேதான் அதைத் தேடவேண்டும். கணக்கிடும் யந்திரங்கள் இப்போது அதே குலத்தின் எண்களை, நம் பேரெண் ஒரு புள்ளியாகிவிடும் உயரங்கள்வரை, ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசோதித்து வருகின்றன. 5040க்குப் பின் ஒன்றும் இதுவரை தாண்டவில்லை.